இங்கிலாந்து ஊசியும் கொத்தகூடத்துச் சிவப்புக் கல்லும்

நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில், பேகம்பேட்டில் வைத்து, நான் ஒரு இருபது நிமிஷம் பேசினேன். விஷ்ணு சஹஸ்ரநாம பாராயணம் முடிந்து காபி வருவதற்கு முன் இருந்த இடைவெளி அது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்த ஒரு பழைய நகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனவன், உற்சாக மிகுதியில், "அந்த ராஜாவின் நகையில் பதித்திருக்கும் சிவப்புக் கல் நம்ம தெலங்கானாவிலிருந்து போனது" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னதில் முக்கால் பங்கு சரி. கால் பங்கு என் ஆசை. அந்தக் கால் பங்கைத் திருத்திச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. கூட்டம் கலைந்ததும் ஒரு மாமி வந்து கேட்டார்: "அவா ஊர்ல தோண்டின இடமெல்லாம் ஊசியும் புரூச்சும் கிடைச்சிருக்குன்னு சொன்னேளே, நம்ம ஊர்ல ஏன் கிடைக்கலை? நம்மவா நகையே போட்டுக்கலையா என்ன?" அப்போது ஏதோ சமாளித்து அனுப்பிவிட்டேன். அவருக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நகையைப் பற்றி.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்ற ஜில்லாவில் சட்டன் ஹூ என்று ஓர் இடம். ஆற்றங்கரை மேட்டில் பெரிய பெரிய மண் குவியல்கள். நிலத்தின் சொந்தக்காரர் எடித் பிரிட்டி என்ற விதவை அம்மாள். அந்த மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, பேசில் பிரவுன் என்பவரை வேலைக்கு அமர்த்தினார். பிரவுன் காலேஜ் வாசல் மிதிக்காதவர், தானே படித்துத் தெரிந்துகொண்டவர். 1939-ஆம் வருஷம் அவர் பெரிய மேட்டைத் தோண்டியபோது வரிசை வரிசையாக இரும்பு ஆணிகள் வெளிப்பட்டன. மரம் மக்கி மண்ணாகிவிட்டது. அதன் அச்சு மட்டும் மணலில் பதிந்திருந்தது. அது 27 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல். நடுவில் ஓர் அறை. அதில் ஒரு ராஜாவுக்குரிய சாமான்கள் அனைத்தும். கிழக்கு ஆங்கிலியாவை ஆண்டு, சுமார் 624-ல் இறந்த ரெட்வால்ட் என்ற அரசனுடைய சமாதி அது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நம் கணக்கில் சொன்னால் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டிலும் மற்ற இடங்களிலும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த காலம். அப்பர் சுவாமிகளின் காலம்.

அந்த வருஷம் ஆகஸ்டில் நடந்த விசாரணையில் புதையல் முழுவதும் பிரிட்டி அம்மாளுக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. அவர் அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே உலக யுத்தம் மூண்டது. குண்டு வீச்சுக்குப் பயந்து, யுத்த காலத்தில் அந்தத் தங்கமெல்லாம் லண்டன் பாதாள ரயில் சுரங்கம் ஒன்றில் பத்திரமாக இருந்தது. 2021-ல் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது.

இன்று அவை மியூசியத்தில் 41-ஆம் எண் அறையில் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லோரும் இரும்புத் தலைக்கவசத்தின் முன்னால் கூட்டமாக நிற்பார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு ஜோடி தோள் பூட்டு. மேலாடையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்துப் பூட்டுவதற்கானது. ஒவ்வொன்றும் இரண்டு பாதி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கீல் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும். அவற்றின் நடுவே ஒரு தங்க ஊசியைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். ஊசியின் தலை ஒரு மிருகத்தின் முகம். ஊசி தொலைந்துவிடாமல் சின்னத் தங்கச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் கெட்டிக் காப்பில் பிரித்துப் பூட்ட ஒரு ஆணி இருக்குமே, அதே யுக்திதான். தங்கக் கட்டங்களுக்குள் ரத்தச் சிவப்பாகச் சீவிய மெல்லிய கற்கள். கல்லுக்கு அடியில் நுணுக்கமாகக் கட்டம் போட்ட தங்கத் தகடு. வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து தகட்டில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைப் பறிக்கிறது. கெம்புக் கல்லுக்குக் கீழே தகடு வைத்துக் கட்டும் நம் ஊர் ஆசாரிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பார்த்த உடனே புரிந்துகொள்வார். அந்தச் சமாதியில் கிடைத்த நகைகளில் மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் கற்கள் இருந்தன. அவை மாணிக்கம் அல்ல, கார்னெட்.

ராஜாக்களுக்கு மட்டும் இருந்த அலங்காரம் இல்லை இது. 1840-ல் வில்ட்ஷயர் ஜில்லாவில் ரவுண்ட்வே டவுன் என்ற மேட்டுச் சமாதியில் ஒரு பெண்மணியின் நகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கார்னெட் பதித்த இரண்டு சிறிய தங்க ஊசிகள், நடுவே மெல்லிய சங்கிலி. கழுத்தருகே துணியின் இரு முனைகளையும் பிடித்து நிறுத்துவதற்காக. டிவைஸஸ் என்ற ஊர் மியூசியத்தில் இருக்கிறது. லிங்கன் அருகே விதம் ஆற்றில் 1826-ல் கிடைத்த மூன்று ஊசிகளோ வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியவை. தலைப்பாகம் வட்டத் தட்டு, அதில் பின்னிப் பிணைந்த மிருகங்கள். மூன்றும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. தோட்டையும் மாட்டலையும் சேர்த்துப் பார்த்த நமக்கு அது அன்னியமாகத் தெரியாது. இவற்றையெல்லாம் செய்தவர்களை ஆங்கிலோ-சாக்ஸன்கள் என்கிறோம். ரோமானியர்கள் பிரிட்டனை விட்டுப் போன பின் ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து அங்கே குடியேறி ராஜ்யம் அமைத்தவர்கள்.

இப்போது மாமியின் கேள்வி. அவர்களுக்குக் கிடைத்தது, நமக்கு ஏன் கிடைக்கவில்லை? யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம் உடை. அந்த நாளைய ஆங்கிலோ-சாக்ஸன் பெண் உடுத்தியது குழாய் போன்ற ஒரு கம்பளித் துணி. இரண்டு தோளிலும் ஊசி குத்தி நிறுத்தாவிட்டால் அது கீழே விழுந்துவிடும். ஆகவே ஊசியும் புரூச்சும் அவளுக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம். நம் துணியோ முடிச்சில் நிற்பது. மடிசார் ஒன்பது கஜமும் ஒரு ஊசி இல்லாமல் கொசுவத்திலும் கச்சத்திலும் நின்றுவிடும். பஞ்சகச்சமும் அப்படியே. உத்தரீயத்தைத் தோளில் போட்டால் போதும். சேஃப்டி பின் என்கிற ஊக்கு 1849-ல் அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். அதை நம் வீட்டுப் பெண்கள் வளையலில் நாலைந்து கோத்துக்கொண்டு அலைவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

ஊசியே நம் தேசத்தில் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மொஹஞ்சதாரோ, ஹரப்பா, சன்ஹுதாரோ ஆகிய இடங்களில் செம்பிலும் வெண்கலத்திலும் செய்த ஊசிகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் தலையில் மிருக முகம், சிலவற்றில் இரட்டைச் சுருள். தட்சசீலத்தில் மார்ஷல் தோண்டியபோது கூந்தல் ஊசிகளும் கண்ணுக்கு மை தீட்டும் குச்சிகளும் நிறைய வந்தன. கீழடியில் தந்தத்தில் செய்த சீப்பு கிடைத்தது. முடியை வாரி முடிந்துகொள்ளாத நாகரிகம் எங்கே இருக்கிறது? ஆனால் இங்கிலாந்தில் மாதிரி குவியல் குவியலாக இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. சட்டன் ஹூவில் கப்பல் வெளிப்பட்ட பிறகு உதவிக்கு வந்தவர்களில் ஸ்டூவர்ட் பிகாட்டும் அவருடைய மனைவி பெகியும் இருந்தார்கள். அந்தச் சமாதியில் முதல் முதலாகத் தங்கத்தைக் கண்டெடுத்தது பெகி பிகாட்தான். தேதி 1939 ஜூலை 21. கொஞ்ச நாளில் ஸ்டூவர்ட் பிகாட்டை யுத்த சேவை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகாய விமானப் படங்களை ஆராய்வது உத்தியோகம். ஓய்வு நேரத்தில் நம் தேசத்துத் தொல்பொருள்கள். பிறகு இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் விஷயம் என்ன தெரியுமா? ஹரப்பா நாகரிகத்து உலோக ஊசிகள்! அதே காலத்தில் தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அரிக்கமேட்டுக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது காரணம் சம்ஸ்காரம். கிறிஸ்தவ மதம் ஊன்றும் வரை அவர்கள் இறந்தவர்களை நகையோடும் ஆயுதத்தோடும் புதைத்தார்கள். 597-ல் ரோமாபுரியிலிருந்து அகஸ்டின் என்ற பாதிரியார் கென்ட் ராஜ்யத்துக்கு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு நூறு, நூற்றிருபது வருஷங்களில் சமாதியில் சாமான் வைக்கும் வழக்கம் அநேகமாக நின்றுபோயிற்று. நாம் தகனம் செய்கிறோம். தகனத்துக்கு முன் நகையைக் கழற்றிவிடுகிறோம். நம் பிரதேசத்திலும் ஒரு காலத்தில் புதைத்திருக்கிறார்கள். பேகம்பேட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில், பழைய போயன்பள்ளியை ஒட்டி ஹஷ்மத்பேட்டையில், இரும்புக் காலத்துக் கற்குவைச் சமாதிகள் இருக்கின்றன. மௌலாலியிலும் உண்டு. நாம் காய்கறி வாங்கப் போகிற தூரத்தில் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்து மனிதர்கள் படுத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட தென்னாட்டுச் சமாதிகளில் பெரும்பாலும் வருவது இரும்புக் கருவிகளும் கருப்பு-சிவப்புப் பானைகளும் மணிகளும்தான்.

மூன்றாவது காரணத்தைக் கட்டுரையின் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அது எனக்குச் சொந்தமான காரணம்.

இனி கல்லுக்கு வருவோம். கார்னெட் என்றதும் யாரும் மலைக்க வேண்டாம். நம் நவரத்ன மோதிரத்தில் ராகுவுக்குரிய கோமேதகம் இருக்கிறதே, அது கார்னெட் இனத்தைச் சேர்ந்ததுதான். தேன் நிறத்துக் கார்னெட் கோமேதகம். ரத்தச் சிவப்பான கார்னெட்டுக்கு அல்மண்டைன் என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரைகளில் 'கார்னெட் மணல்' பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது இதே கல் பொடியாகி அலையில் ஒதுங்கியது. இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைவீதியை வர்ணிக்கும்போது சிவப்புக் கல்லின் ஜாதிகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார் என்றால், இந்த விஷயத்தில் நம்மவர்களின் கண் எவ்வளவு தேர்ந்தது என்பதை யூகிக்கலாம்.

ஹைதராபாத்தில் இருக்கும் நம் எல்லோருக்கும் பத்ராசலம் போன அனுபவம் இருக்கும். கொத்தகூடத்தில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கம், அடுத்து பால்வஞ்ச, அப்புறம் கோதாவரி. ராமர் தரிசனம் எப்போது என்ற நினைப்பில் வழியில் எதையும் பார்க்க மாட்டோம். அந்தக் கொத்தகூடத்துக்குப் பக்கத்தில் கரீப்பேட்டை என்று ஒரு குக்கிராமம், ஒரு குன்று. குன்றின் பாறையில் அல்மண்டைன் இருக்கிறது. மழை பாறையை அரிக்க அரிக்க, கல் உதிர்ந்து அடிவாரத்து வண்டல் மண்ணில் சேருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிஜாம் ராஜ்யத்தின் புவியியலைப் பற்றி எழுதியவர்களே இதைக் குறித்திருக்கிறார்கள். கரீப் என்றால் உருதுவில் ஏழை. ஏழைப்பேட்டையில் ரத்தினம்!

2017-ல் இந்தக் கல்லைப் பற்றி ஒரு முக்கியமான ஆராய்ச்சி வெளிவந்தது. கார்ல் ஷ்மெட்ஸர், ஆல்பர்ட் கில்க், உல்ரிஷ் ஷூஸ்லர் ஆகிய ஜெர்மானியர்களும், பாரிஸைச் சேர்ந்த தாமஸ் கலிகரோ, பாத்ரிக் பெரான் ஆகியோரும், நம் தேசத்தின் ரத்தினவியல் நிபுணர் ஜெயஸ்ரீ பஞ்சிகரும் சேர்ந்து செய்தது. அரிக்கமேட்டில் கிடைத்த கார்னெட் மணிகளையும், அரைகுறையாகச் செதுக்கி விட்ட கற்களையும், பட்டை தீட்டாத மூலக் கற்களையும் எடுத்துக்கொண்டார்கள். கரீப்பேட்டை வண்டலிலிருந்து கற்களை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்கள். வெறும் கண்ணுக்கு எல்லாம் சிவப்புதான். ஆனால் கல் என்பது மனுஷனைப் போல; பிறந்த மண்ணின் அடையாளத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே சில்லிமனைட் என்ற கனிமம் முடி முடியாக, நுண்ணிய ஊசிகளாகத் தெரியும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக மாங்கனீஸும் மற்ற உலோகங்களும் எந்தக் கணக்கில் மாறுகின்றன என்பதும் ஒவ்வொரு இடத்துக் கல்லுக்கும் ஒவ்வொரு மாதிரி. இந்த அடையாளங்களெல்லாம் பொருந்தின. அரிக்கமேட்டுப் பட்டறைக்குக் கல் கரீப்பேட்டையிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோதாவரிக் கரையிலிருந்து புதுச்சேரி வரை, ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில் ஒரு சிவப்புக் கல் போயிருக்கிறது. தெலுங்கு தேசத்துக் கல், தமிழ் தேசத்துக் கைவேலை. ஹைதராபாத்தில் குடியேறி மூன்று தலைமுறையாக இரண்டு மொழியும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன வேண்டும்?

அரிக்கமேட்டில் வீலர் தேடியது ரோமானியத் தொடர்பை. இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புக் கிண்ணங்களும், மது ஜாடிகளும் அங்கே கிடைத்தன. அதை வைத்துத்தான் தென்னாட்டுத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்கு ஏற்பட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டி, அந்தத் துறைமுகம் நாம் நினைத்ததைவிட நீண்ட காலம் உயிரோடு இருந்தது என்று காட்டினார். இதேபோல, கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் கல் அறுத்து மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. இங்கிருந்து மேற்கே கல் போயிற்று. 2018-ல் அதே ஜெர்மானியக் குழுவினர், பைசாந்திய ராஜ்யத்தின் ஆரம்ப காலத்தில் செதுக்கப்பட்ட ஒரு கார்னெட் முத்திரைக் கல்லை ஆராய்ந்து, அதுவும் கரீப்பேட்டைக் கல்லே என்று கண்டார்கள். பத்ராசலம் போகும் வழியில் கிடைத்த கல் மத்தியதரைக் கடல் வரை போயிருக்கிறது!

வடக்கே இன்னும் போனதா? பாரிஸில் லூவர் மியூசியத்தின் அடித்தளத்தில் துகள் முடுக்கி இயந்திரம் ஒன்று இருக்கிறது. நகையிலிருந்து கல்லைப் பெயர்க்காமலே, புரோட்டான் கற்றையைப் பாய்ச்சி அதன் ரசாயனத்தை அளக்கலாம். முன் சொன்ன கலிகரோவும் பெரானும் இந்த முறையில் ஃப்ராங்கு இனத்தவரின் சமாதிகளில் கிடைத்த ஏராளமான கார்னெட்டுகளை ஆராய்ந்தார்கள். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுக் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும், ஒரு பகுதி இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. ஏழாம் நூற்றாண்டில் இது மாறி, போஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டுச் சின்னக் கற்கள் அதிகமாக வர ஆரம்பிக்கின்றன. இங்கிலாந்தில் 2009-ல் ஒருவர் வயலில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு நடந்தபோது அகப்பட்ட ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலிலும் இதே கலப்புதான்: செக் நாட்டுக் கல்லும் உண்டு, தெற்காசியக் கல்லும் உண்டு.

ஏன் மாறிற்று? வழி அடைபட்டதால் என்பது ஒரு விளக்கம். ஆறாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு வியாபாரி காஸ்மாஸ் என்பவர் இலங்கையை வர்ணித்து எழுதியிருக்கிறார். இந்தியா, பாரசீகம், எதியோப்பியா எல்லா இடத்துக் கப்பல்களும் அங்கே வந்து கூடின என்கிறார். நம் திருக்கேதீச்சரம் இருக்கும் மாதோட்டம் அக்காலத்தில் பெரிய துறைமுகம். சுமார் 570-ல் பாரசீகர்கள் ஏமனைப் பிடித்தார்கள். 640 வாக்கில் அரபுப் படைகள் எகிப்தைப் பிடித்தன. செங்கடல் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்த சரக்கு குறைந்தது. சரக்கு குறைந்தால் பட்டறைக்காரன் என்ன செய்வான்? பழைய நகையைப் பிரித்துக் கல்லை எடுத்துப் புதிதில் பதிப்பான்; அகப்பட்ட இடத்துக் கல்லை வாங்குவான். சட்டன் ஹூ நகை செய்யப்பட்டது சரியாக இந்த மாற்றத்தின் வாசலில்.

ஆகவே, சங்கத்து அன்பர்களே, என் திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரீப்பேட்டைக் கல் அரிக்கமேட்டுக்குப் போனது பரிசோதனையில் உறுதியானது. மத்தியதரைக் கடல் பக்கம் போனதற்கும் ஒரு கல் சாட்சி இருக்கிறது. இந்திய, இலங்கைக் கார்னெட்டுகள் வட ஐரோப்பா வரை போனதும் உறுதி. ஆனால் நம் தேசத்தில் ராஜஸ்தானத்து டோங்க் ஜில்லா போல வேறு கார்னெட் பிரதேசங்களும் உண்டு. சட்டன் ஹூ ராஜாவின் தோளில் இருந்த ஊசிக்குப் பக்கத்துக் கல் தெலங்கானாவினுடையது என்று யாரும் நிரூபித்ததில்லை. அதைச் சொன்னது நான் ஒருவன்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

'எல்லாம் நம்ம ஊர்லேர்ந்து போனதுதான்' என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சுகம் கொஞ்சம் அதிகம். ஆனால் கரீப்பேட்டைக் குன்றிலிருந்து அரிக்கமேட்டுப் பட்டறைக்கு வந்த கல்லே போதுமான ஆச்சரியம். அதற்கு மேல் நாம் முலாம் பூச வேண்டியதில்லை.

இப்போது அந்த மூன்றாவது காரணம். நம் நகைகள் ஏன் மண்ணுக்குள் இல்லை? நாம் அவற்றை அழித்துவிடுகிறோம். 'அழித்துப் பண்ணுவது' என்ற வார்த்தையே நம் வீடுகளில் எவ்வளவு சகஜம்! பாட்டியின் காசுமாலை அம்மாவின் வளையலாகி, அம்மாவின் வளையல் பெண்ணின் நெக்லஸாகி, தங்கம் என்னவோ அதே தங்கம்தான். உருவம் மட்டும் தலைமுறைக்கு ஒரு தடவை செத்துப் பிறக்கிறது. அங்கே இறந்தவளோடு ஊசியைப் புதைத்தார்கள், அதனால் ஆயிரத்து நானூறு வருஷம் கழித்துக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க முடிகிறது. இங்கே நகை அடுத்தவளுக்குப் போகிறது. எது உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு உதவாமல் மண்ணுக்குள் கிடப்பதில் என்ன புண்ணியம் என்று என் அம்மாவே கேட்டிருப்பாள்.

என் அம்மாவிடம் ஒரு ராக்கொடி இருந்தது. அவளுடைய அம்மா கொடுத்தது. வட்டமாக, நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கல், சுற்றிலும் இதழ் இதழாகக் கெம்பு. பின்பக்கம் கூந்தலில் செருக ஒரு நீண்ட ஊசி; அதன் நுனி லேசாக வளைந்திருக்கும். நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். 1994-ல் என் பெண்ணின் கல்யாணத்தின்போது, ராக்கொடியெல்லாம் இந்தக் காலத்தில் யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி, நானே எடுத்துக்கொண்டு போய்க் கடையில் அழிக்கக் கொடுத்தேன். அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் கல்லையெல்லாம் பெயர்த்து, எடை கழித்து, "கல்லுக்கு மதிப்பு கிடையாது சார்" என்று ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

லண்டனில் அந்தத் தோள் பூட்டின் முன்னால் நான் அவ்வளவு நேரம் நின்றதற்கு அந்தப் பொட்டலம்தான் காரணம். ஊருக்குத் திரும்பியதும் பீரோவில் தேடினேன்; இருந்தது. ஒரு ரத்தினப் பரிசோதனைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பெரும்பாலானவை சாதாரண மாணிக்கம், சில வெறும் கண்ணாடி, ஐந்து கற்கள் கார்னெட் என்றார். நடுக்கல் அந்த ஐந்தில் ஒன்று. எந்த மண்ணில் பிறந்தது என்று கேட்டேன். கட்டடத்தோடு, எந்த ஊர் ஆசாரி செய்தது, எப்போது செய்தது என்ற விவரத்தோடு இருந்திருந்தாலாவது ஏதாவது யோசிக்கலாம் என்று சிரித்தார். அதைச் சொல்லக்கூடியவள் 2003-ல் போய்விட்டாள். ராக்கொடியின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் அம்மா முன்பக்கம் பார்த்தே நிற்கிறாள். ராக்கொடி அவள் தலைக்குப் பின்னால்.

தொல்லியல் அறிஞர்களுக்கு ஒரு ஊசி எவ்வளவு அருமையோ, அதைவிட அருமை அது கிடந்த இடம். தோளில் இருந்ததா, கழுத்தில் இருந்ததா, யாரோடு இருந்தது என்ற விவரம் போனால் மிஞ்சுவது தங்கமும் கல்லும் மட்டும். ரவுண்ட்வே பெண்மணியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் ஊசியை எங்கே குத்திக்கொண்டாள் என்பது தெரியும். என் பாட்டியின் பெயர் எனக்குத் தெரியும். அவள் ராக்கொடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

ஆகையால் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ராக்கொடி, ஜடைபில்லை, திருகுப்பூ, நாகொத்து, வங்கி எது இருந்தாலும், அழிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தால் தாராளமாக அழியுங்கள். அதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடை, அளவு, யாருடையது, எந்த ஊரில் செய்தது, எந்தக் கல்யாணத்துக்குச் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

கேள்வி கேட்ட மாமிக்கு இந்த இதழின் பிரதி ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன். அவருடைய மாமியார் வழியில் வந்த ஜடைபில்லை ஒன்று வீட்டில் இருப்பதாக அன்றைக்கே சொன்னார். கேமராவையும் எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.